கூகுள், கிட்ஹப், ஆப்பிள் வழி லாகின்: மின்னஞ்சலை வைத்து ஆளை அடையாளம் காணலாமா?

தறிமுனை · 2025 செப்டம்பர் 6, காலை 9.10

என் தளம்: பிஎச்பி நிரல், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், முன்னால் இன்ஜின்எக்ஸ் வெப் சர்வர். சொந்தக் கடவுச்சொல் லாகின் ஏற்கெனவே ஓடுகிறது. இப்போது கூகுள், கிட்ஹப் (நிரல்களைச் சேமிக்கும் தளம்) கணக்கால் உள்ளே வரும் பொத்தான்கள் சேர்க்கிறேன், ஆப்பிள் பிறகு. திட்டம் எளிது. உறுப்பினர் டேபிளில் ஒரு மின்னஞ்சல் ஒரு தடவைதான் வரும். எந்தப் பொத்தான் வழியாக வந்தாலும் அங்கிருந்து கிடைக்கும் மின்னஞ்சலைத் தேடுவேன். இருந்தால் அதே கணக்கு, இல்லாவிட்டால் புதுக் கணக்கு. இதைவிட நல்ல அடையாளம் வேறு இல்லை என்பது என் கருத்து. ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று: என் கணினியில் சரியாக ஓடுவது, சர்வரில் ஏற்றியதும் 'ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்' என்று கூகுளில் நின்றுவிடுகிறது.

வடவாறு · செப்டம்பர் 6, காலை 10.02

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். கூகுளில் பதிந்த திரும்பும் முகவரியும் உங்கள் நிரல் அனுப்பும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா, முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ உண்டா, போர்ட் எண், கடைசிச் சாய்கோடு, எல்லாமே கணக்கு. பிழைப் பக்கத்தின் விவரத்தைத் திறந்தால் நீங்கள் அனுப்பிய முகவரி அப்படியே தெரியும். அதைப் பதிந்ததோடு ஒப்பிடுங்கள்.

சர்வரில் மட்டும் வருகிறது என்றால் முதல் சந்தேகம் இன்ஜின்எக்ஸ்மேல்தான். வெளியே எச்டிடிபிஎஸ், உள்ளே பிஎச்பிக்குப் போவது வெறும் எச்டிடிபி. வந்த கோரிக்கையைப் பார்த்து முகவரியை நிரலே கட்டினால் எச்டிடிபி என்றுதான் கட்டும். வெளியே வந்தது எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்று சொல்லும் 'எக்ஸ் ஃபார்வர்டட் புரோட்டோ' ஹெட்டரை நம்பச் சொல்வார்கள். அதைவிட, முழு முகவரியையும் கான்ஃபிக் கோப்பில் எழுதிவைப்பது நல்லது. வெளியிலிருந்து வரும் ஹெட்டரை வைத்து முகவரி கட்டுவதே தேவையில்லாத ஆபத்து.

கூகுளில் ஒரே கிளையன்ட் ஐடிக்கு (உங்கள் தளத்துக்குக் கூகுள் தரும் அடையாளம்) பல முகவரிகள் பதியலாம், லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது உங்கள் சொந்தக் கணினிக்கு மட்டும் எச்டிடிபியும் செல்லும். கிட்ஹப் ஓஆத் (வேறு தளத்தின் கணக்கால் அனுமதி பெறும் முறை) ஆப்புக்கு ஒரே ஒரு கால்பேக் முகவரிதான், அதாவது திரும்பும் முகவரி, ஆகவே சோதனைக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என இரண்டு ஆப் பதியுங்கள். கூகுள் கன்சோலில் மாற்றிய முகவரி நடைமுறைக்கு வர ஐந்து நிமிடமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். சேமித்த உடனே பிழை வருகிறதென்று திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள்.

வடவாறு · செப்டம்பர் 6, காலை 11.40

இனி முக்கியமான கேள்வி. மின்னஞ்சலை அடையாளமாக வைக்காதீர்கள். மின்னஞ்சல் என்பது ஒருவரைத் தொடர்புகொள்ளும் வழி, அவ்வளவுதான். அது மாறும், கைமாறும், சில சமயம் வரவே வராது.

ஓப்பன்ஐடி கனெக்ட் என்பது ஓஆத்மேல் கட்டிய லாகின் நெறி. அது தரும் ஐடி டோக்கனில் (வந்த ஆள் யார் என்று சொல்லும், கையெழுத்திட்ட சரம்) 'இஸ்' என்று ஒரு புலம், டோக்கனை வழங்கியது யார் என்று சொல்லும். 'சப்' என்று இன்னொன்று, அந்த இடத்தில் அந்த ஆளுக்குரிய மாறாத எண் அல்லது சரம். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அடையாளம். மின்னஞ்சலை முதன்மை அடையாளமாக வைக்காதீர்கள், சப்பைப் பயன்படுத்துங்கள் என்று கூகுளின் ஆவணமே சொல்கிறது. கிட்ஹப்பின் ஓஆத் லாகின் ஐடி டோக்கன் தராது. அங்கே பயனர் ஏபிஐ தரும் எண்வடிவ ஐடியை எடுங்கள். பயனர்பெயரை எடுக்கவே கூடாது. அதை மாற்றிக்கொள்ளலாம், விட்ட பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

மின்னஞ்சலில் என்னென்ன கோளாறு:

கிட்ஹப்பில் பயனர் விவரத்தோடு வருவது அவர் பொதுவில் காட்டும் மின்னஞ்சல். மறைத்து வைத்திருந்தால் வெற்றாக வரும். 'யூசர் ஈமெயில்' ஸ்கோப் (அனுமதி வரம்பு) கேட்டு, மின்னஞ்சல் பட்டியலைத் தனியாக எடுத்து, அதில் முதன்மையானதும் சரிபார்க்கப்பட்டதும் எதுவோ அதை மட்டும் எடுக்க வேண்டும்.

ஆப்பிளில் 'என் மின்னஞ்சலை மறை' என்று தேர்ந்தால் இடைமாற்று முகவரி ஒன்றுதான் உங்களுக்கு வரும். அதே ஆள் கூகுள் வழியாக வந்தால் இரண்டும் பொருந்தாது.

ஃபேஸ்புக்கில் கைபேசி எண்ணால் கணக்குத் தொடங்கியவர்களுக்கு மின்னஞ்சல் இல்லாமலே போகலாம்.

மைக்ரோசாஃப்ட்டில் நடந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. 2023 ஜூனில் 'என்ஓஆத்' என்ற பெயரில் வெளியானது. அஷூர் ஏடியில் (நிறுவனங்களின் பயனர்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) சொந்தமாக ஒரு நிறுவனக் கணக்கு திறந்தவர், தன் பயனரின் மின்னஞ்சல் புலத்தில் யாருடைய முகவரியையும் எழுதிக்கொள்ள முடிந்தது. சரிபார்ப்பு கிடையாது. மின்னஞ்சலைப் பார்த்துக் கணக்கைத் திறந்துவிட்ட தளங்களில், எழுதப்பட்ட முகவரிக்காரரின் கணக்குக்குள் அதை எழுதியவர் நேராகப் போகலாம். உங்கள் திட்டம் அப்படியே இதுதான்.

ஆகவே இரண்டு டேபிள். உறுப்பினர் டேபிளில் உங்கள் சொந்த எண், காட்டும் பெயர், தொடர்பு மின்னஞ்சல். இன்னொன்று அடையாள டேபிள்: வழங்குநர், சப், உறுப்பினர் எண், சேர்த்த தேதி. யுனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வராமல் தடுப்பது), வழங்குநரும் சப்பும் சேர்ந்ததன்மேல். லாகினின்போது தேடுவது இந்த இரண்டாம் டேபிளில் மட்டும்.

தறிமுனை · செப்டம்பர் 6, மாலை 6.25

முகவரி விஷயம் நீங்கள் சொன்னதேதான். கான்ஃபிக்கில் எழுதினேன், சரியாகிவிட்டது.

இரண்டு டேபிள் புரிகிறது. ஆனால் இன்றைக்கு கூகுளை அழுத்தியவர், அடுத்த மாதம் மறந்து கிட்ஹப்பை அழுத்தினால்? இரண்டு கணக்கு ஆகி, 'என் பழைய விவரமெல்லாம் எங்கே' என்று கேட்பாரே.

வடவாறு · செப்டம்பர் 6, இரவு 8.15

கேட்பார். அதற்குத் தானாக ஒட்டவைப்பது தீர்வாகாது. உங்களிடம் கடவுச்சொல் லாகினும் இருப்பதால் இன்னும் கவனம் வேண்டும். ஒருவன் அடுத்தவர் மின்னஞ்சலைப் போட்டுத் தன் கடவுச்சொல்லோடு முன்கூட்டியே கணக்குத் தொடங்கிவைக்கிறான். சரிபார்ப்பு மடலைத் திறக்க அவனால் முடியாது, ஆனாலும் கணக்கு அரைகுறையாக உள்ளே கிடக்கும். பிறகு உண்மையான ஆள் கூகுள் வழியாக வருகிறார். மின்னஞ்சல் ஒன்று என்று நிரல் ஒட்டவைக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து கணக்கு அவருடையது, கடவுச்சொல் அவனுடையது.

சரியான வழி: புதிய சப் வருகிறது, சரிபார்க்கப்பட்ட அதே மின்னஞ்சலில் பழைய கணக்கு இருக்கிறது என்றால், நிறுத்தி ஒரு திரை காட்டுங்கள். 'இந்த மின்னஞ்சலில் ஏற்கெனவே கணக்கு உண்டு. முன்பு வந்த வழியில் ஒருமுறை உள்ளே வாருங்கள், பிறகு இதையும் இணைத்துவிடலாம்.' அவர் பழைய வழியில் நுழைந்து நிரூபித்த பிறகே அடையாள டேபிளில் இரண்டாம் வரி சேர வேண்டும். அமைப்புகள் பக்கத்தில் இணைக்கவும் பிரிக்கவும் பொத்தான் வையுங்கள். கடைசி வழியை மட்டும் பிரிக்க விடாதீர்கள், ஆள் வெளியே நின்றுவிடுவார்.

மறதிக்கு ஒரு சின்ன உதவி: கடைசியாக எந்தப் பொத்தானில் வந்தார் என்று குக்கியில் எழுதி, அடுத்த தடவை அந்தப் பொத்தானின் அடியில் 'போன முறை இது' என்று காட்டுங்கள். பாதி இரட்டைக் கணக்கு இதிலேயே நின்றுபோகும்.

கோபுரவாசல் · செப்டம்பர் 7, காலை 7.50

வடவாறு சொன்னதில் ஒரு திருத்தம். தானாக இணைப்பது எப்போதுமே தப்பு என்பது கூகுளுக்குச் சற்றுக் கடுமை. முகவரி ஜிமெயிலாக இருந்தாலோ, மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டது என்பதோடு 'எச்டி' புலமும் (நிறுவனக் கணக்கின் டொமைன்) வந்தாலோ அந்த முகவரிக்குக் கூகுளே பொறுப்பு. இதைக் கூகுள் ஆவணத்திலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டு நிலையிலும், உங்கள் பக்கம் உள்ள பழைய கணக்கின் மின்னஞ்சலும் சரிபார்க்கப்பட்டது என்றால் திரை காட்டாமல் இணைக்கலாம். வேறு டொமைனில் உள்ள முகவரி கூகுள் கணக்கில் இருந்தால் அது எப்போதோ சரிபார்த்தது, இப்போது யாரிடம் இருக்கிறதென்று கூகுளுக்கும் தெரியாது.

வடவாறு · செப்டம்பர் 7, காலை 9.30

ஒப்புக்கொள்கிறேன், பழைய கணக்கும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆனால் 'எச்டி'யை நம்பும்போது ஒன்று: மூடிப்போன நிறுவனத்தின் டொமைனை இன்னொருவர் வாங்கி அதே முகவரிகளைப் புதிதாக உண்டாக்கலாம். மின்னஞ்சலும் எச்டியும் பழையபடியே வரும். ஆகவே ஜிமெயிலுக்கு மட்டும் தானாக இணையுங்கள், மற்றதற்குத் திரை காட்டுங்கள்.

கோபுரவாசல் · செப்டம்பர் 7, பகல் 12.20

தறிமுனை கேட்கவில்லை என்றாலும், திரும்பி வரும் வழியில் என்ன சரிபார்க்கிறீர்கள் என்பதும் இதே அளவு முக்கியம். ஆளைக் கூகுளுக்கு அனுப்பும்போது மூன்று தற்செயல் சரங்கள் உண்டாக்குங்கள், ஒவ்வொன்றும் 32 பைட். ஒன்று 'ஸ்டேட்': அடுத்தவன் தன் 'கோட்' சரத்தை (கூகுள் திருப்பி அனுப்புவது, இதைக் கொடுத்துத்தான் டோக்கன் வாங்குவீர்கள்) உங்கள் ஆளின் பிரவுசரில் திணிக்காமல் தடுக்க. இரண்டாவது 'நான்ஸ்': ஐடி டோக்கனுக்குள் அப்படியே திரும்பி வரும், பழைய டோக்கனைத் திரும்ப ஓட்டுவதைத் தடுக்கும். மூன்றாவது பிகேசிஇக்கு (பிக்ஸி என்று படிப்பார்கள், கோட் திருடுபோனாலும் பயன்படாமல் தடுக்கும் முறை): அதன் ஷா 256 ஹாஷ் முதலில் போகும், மூலச்சரம் கோட் கொடுத்து டோக்கன் வாங்கும்போது போகும். முதலில் கைபேசி ஆப்களுக்காக 2015இல் வந்தது. இப்போது சர்வரில் ஓடும் நிரலுக்கும் அதைப் பரிந்துரைக்கிறார்கள், 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 என்ற இணைய நெறி ஆவணம் அதைச் சொல்கிறது. இம்ப்ளிசிட் ஃப்ளோ வேண்டாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. டோக்கனை முகவரிப்பட்டியிலேயே தரும் பழைய பாடங்களைப் பார்த்தால் மூடிவிடுங்கள்.

ஐடி டோக்கன் வந்ததும்: வழங்குநர் சரியா, 'ஆட்' புலத்தில் (டோக்கன் யாருக்கு என்று சொல்வது) உங்கள் கிளையன்ட் ஐடிதானா, காலாவதி ஆகவில்லையா, நான்ஸ் பொருந்துகிறதா. கூகுளின் வழங்குநர் புலம் எச்டிடிபிஎஸ் முன்னொட்டோடும் வரலாம், இல்லாமலும் வரலாம். இரண்டையும் ஏற்றுக்கொண்டு, டேபிளில் ஒரே வடிவத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆள் இருவர் ஆவார். சர்வர் கடிகாரம் பின்னால் ஓடினால் 'டோக்கன் எதிர்காலத்தில் வழங்கப்பட்டது' என்று நூலகம் மறுக்கும். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் குரோனி நிரல் ஓடுகிறதா பாருங்கள், ஒரு நிமிடம் விட்டுக்கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

தறிமுனை · செப்டம்பர் 7, மாலை 5.05

ஸ்டேட் சேர்த்தேன். சில நேரம் பொருந்துகிறது, சில நேரம் செஷனே (வந்த ஆளைப் பற்றி சர்வர் வைக்கும் தற்காலிகப் பதிவு) வெறுமையாக இருக்கிறது.

கோபுரவாசல் · செப்டம்பர் 7, மாலை 5.40

மூன்று இடம் பாருங்கள். செஷன் குக்கியில் 'சேம்சைட்' (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி வரலாமா என்று சொல்லும் அமைப்பு) ஸ்டிரிக்ட் என்று இருந்தால், கூகுளிலிருந்து திரும்பும் முதல் கோரிக்கையில் குக்கி வராது. லாக்ஸ் ஆக்குங்கள். அடுத்து, டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரியில் கிளம்பி இல்லாத முகவரிக்குத் திரும்பினால் குக்கி வேறு. ஒன்றுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள். மூன்றாவது, பிரவுசரின் இரண்டு டேப்களில் லாகினை அழுத்தினால் பிந்திய ஸ்டேட் முந்தியதை அழித்துவிடும். ஒரே மாறியில் வைக்காமல், ஸ்டேட்டையே திறவுகோலாக வைத்துப் பட்டியலாகச் சேமியுங்கள், 10 நிமிட ஆயுள், ஒருமுறை பயன்பட்டதும் நீக்கம். எந்தப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அந்தப் பதிவிலேயே வையுங்கள். முகவரியில் வைத்தால் வேறு தளத்துக்குத் திருப்பிவிட வழி திறக்கும். ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்குவதை மட்டும் ஏற்கிறேன் என்றால் இரட்டைச் சாய்கோட்டையும் தலைகீழ்ச் சாய்கோட்டையும் மறுக்க மறக்காதீர்கள்.

வடவாறு · செப்டம்பர் 8, காலை 8.10

'இன்வேலிட் கிராண்ட்' என்று பிழை வருகிறதே என அடுத்துக் கேட்பீர்கள், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கோட் ஒருமுறைதான் செல்லும். கால்பேக் பக்கத்திலேயே ஹெச்டிஎம்எல் காட்டினால், ஆள் ரீலோட் செய்ததும் பிழை. வேலை முடிந்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள், அப்போதே செஷன் ஐடியையும் புதிதாக்குங்கள். கோட் கொடுத்து டோக்கன் வாங்கும்போது அனுப்பும் திரும்பும் முகவரியும் முதலில் அனுப்பியதேதான் இருக்க வேண்டும்.

கிட்ஹப்பில் கோட் 10 நிமிடத்தில் காலாவதி. பிழை வந்தாலும் எச்டிடிபி 200 (வெற்றி) என்றே பதில் வரும், உள்ளே 'பேட் வெரிஃபிகேஷன் கோட்' என்று இருக்கும். நிலை எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் வெற்று டோக்கனோடு அடுத்த படிக்குப் போய் 401 (அனுமதி இல்லை) வாங்கும். 'அக்செப்ட்' ஹெட்டரில் ஜேசன் கேட்காவிட்டால் படிவ வடிவில் பதில் வரும், ஜேசனாகப் பிரித்தால் ஒன்றுமே கிடைக்காது.

கோபுரவாசல் · செப்டம்பர் 9, இரவு 9.00

ஆப்பிளுக்கு வரும்போது தேவைப்படும் என்று எழுதிவைக்கிறேன். வருடம் 99 டாலர் டெவலப்பர் கணக்கு வேண்டும். லோக்கல்ஹோஸ்ட் ஏற்கப்படாது. கிளையன்ட் சீக்ரெட் என்று நிலையான சரம் கிடையாது. அவர்கள் தரும் பி8 கோப்பில் உள்ள ரகசியச் சாவியால் இஎஸ்256 முறையில் கையெழுத்திட்டு நீங்களே உண்டாக்கும் டோக்கன் அது, ஆயுள் அதிகபட்சம் 6 மாதம். ஒருமுறை உண்டாக்கிக் கான்ஃபிக்கில் ஒட்டினால் அரை வருடத்தில் ஒரு நாள் எல்லா ஆப்பிள் லாகினும் நின்றுபோகும். தேவைப்படும்போது நிரலே உண்டாக்கட்டும். பி8 கோப்பை ஒரே தடவைதான் இறக்க முடியும்.

பெயர் அல்லது மின்னஞ்சல் கேட்டால் பதில் 'போஸ்ட்' கோரிக்கையாக, அதாவது படிவம் அனுப்பியதுபோல வரும். லாக்ஸ் குக்கி அதில் வராது. ஸ்டேட்டுக்கு மட்டும் 'சேம்சைட் நன்', 'செக்யூர்' என்று குறுகிய ஆயுள் கொண்ட தனிக் குக்கி ஒன்று வையுங்கள். செஷன் குக்கியைத் தளர்த்த வேண்டாம்.

பெயர் முதல் தடவை மட்டும் வரும், அதுவும் ஐடி டோக்கனுக்கு வெளியே, தனிப் புலமாக. அந்தக் கோரிக்கையில் டேபிளில் எழுதுவது தவறினால் போயிற்று. சோதிக்கும்போது ஐஃபோன் அமைப்புகளில் அந்த ஆப்பின் இணைப்பை நீக்கினால் மறுபடி முதல் தடவை ஆகும். இடைமாற்று முகவரிக்கு மடல் அனுப்ப, அனுப்பும் டொமைனை ஆப்பிளில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் மடல் போய்ச் சேராது.

மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டதா என்ற புலம் ஆப்பிளில் பூலியனாகவும் (உண்மை அல்லது பொய் என்ற மதிப்பு) வரலாம், சரமாகவும் வரலாம். பிஎச்பியில் 'ஃபால்ஸ்' என்ற சரம் உண்மை என்றே கணக்காகும். இதைத் தனியாகச் சோதியுங்கள்.

வடவாறு · செப்டம்பர் 10, காலை 7.35

சப்பைச் சேமிப்பது பற்றி. சரமாகவே வையுங்கள். கூகுள் சப் வழக்கமாக 21 இலக்கம். பிஎச்பியின் 64 பிட் முழு எண் 19 இலக்கத்தில் முடிகிறது, ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991க்கு மேல் துல்லியம் இழக்கும், எக்செல்லில் திறந்து சேமித்தால் 15 இலக்கத்துக்குப் பின் எல்லாம் பூஜ்யம். கடைசி இலக்கங்கள் போனால் இருவர் ஒருவராவார்கள், அது இரட்டைக் கணக்கைவிட மோசம். நெடுவரிசை 255 எழுத்து, கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பைனரி. மைஎஸ்க்யூஎல் 8இன் இயல்புக் கொலேஷன் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது, மைக்ரோசாஃப்ட் சப்பில் இரண்டும் கலந்து வரும்.

தறிமுனை · செப்டம்பர் 10, மாலை 4.45

கூகுளில் தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்குப் பெயர் குப்பையாக வருகிறது. டேபிள் தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கம்தான்.

கோபுரவாசல் · செப்டம்பர் 10, மாலை 5.30

டோக்கனை பிரவுசரில் 'ஏடூபி' செயற்கூறு கொண்டு பிரிக்கிறீர்களா? அது பைட்டுகளை ஒவ்வொன்றாக எழுத்தாக்கும். தமிழின் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்8இல் 3 பைட், ஆகவே மூன்று மூன்றாக உடைந்த குப்பை வரும். 'டெக்ஸ்ட் டீகோடர்' வழியாகப் போக வேண்டும். டோக்கனில் உள்ளது பேஸ்64இன் யூஆர்எல் வடிவம், கூட்டல் குறிக்கு இடைக்கோடும் சாய்கோட்டுக்கு அடிக்கோடும் இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். உங்கள் வழக்கில் பிரவுசரில் பிரிக்கவே தேவையில்லை, சர்வரில் பிரியுங்கள்.

தமிழ்ப் பெயருக்கு இன்னும் சில. பெயரிலிருந்து முகவரிச் சொல் உண்டாக்கும்போது ஆங்கில எழுத்தையும் எண்ணையும் தவிர மற்றதை நீக்கும் நிரல், முத்துலட்சுமியையும் கதிரவனையும் ஒரே வெற்றுச் சரமாக்கும். இரண்டாவது ஆளுக்கு யுனிக் பிழை. உறுப்பினர் எண்ணையே முகவரியில் வையுங்கள். நீளம் பார்த்து வெட்டும்போது பைட் கணக்கு வேண்டாம். முத்துலட்சுமி கண்ணுக்கு 7 எழுத்து, யூனிகோடில் 13 குறி, 39 பைட். 20 பைட்டில் வெட்டினால் 'முத்து'வும் ஓர் உடைந்த கட்டமும் மிஞ்சும். பிஎச்பியின் கிராஃபீம் செயற்கூறுகள் எழுத்தாக வெட்டும்.

குடும்பப் பெயர் புலத்தைக் கட்டாயமாக்காதீர்கள். இனிஷியல் போடும் நம் ஆட்களுக்கு அது வெறுமையாகவோ ஒற்றை எழுத்தாகவோ வரும். முழுப் பெயர் புலத்தை எடுத்து, அவரே திருத்திக்கொள்ள ஒரு கட்டம் கொடுங்கள்.

வடவாறு · செப்டம்பர் 11, காலை 8.00

சின்னச் சின்னவை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்புக்குள்ளேயே திறக்கும் பிரவுசரில் கூகுள் லாகின் 403 தரும், 'டிஸ்அலவ்ட் யூசர் ஏஜென்ட்' என்று. கூகுள் வேண்டுமென்றே தடுக்கிறது, சுற்றிப்போக முயலாதீர்கள். அந்தச் சூழலைக் கண்டால் 'குரோமில் திறக்கவும்' என்று காட்டுங்கள். கூகுள் கன்சோலில் ஆப் 'டெஸ்டிங்' நிலையிலேயே கிடந்தால் நீங்கள் சேர்த்த சோதனையாளர்கள் மட்டுமே நுழைய முடியும், உச்சவரம்பு 100 பேர். பெயரும் மின்னஞ்சலும் மட்டும் கேட்கும் வரை பெரிய பரிசீலனை கிடையாது, புரொடக்‌ஷனுக்கு மாற்றுங்கள். ஆளைத் தெரிந்துகொண்ட பிறகு அக்சஸ் டோக்கன் உங்களுக்கு வேண்டாம். சேமிக்காதீர்கள், லாக் கோப்பிலும் விழ விடாதீர்கள்.

மின்னஞ்சலுக்கு ஒருமுறை இணைப்பு அனுப்பும் லாகினையும் கூடவே வையுங்கள். கூகுள் தன் பழைய ஓப்பன்ஐடி 2.0ஐ 2015 ஏப்ரல் 20 அன்று மூடியது, மொசில்லா தன் பெர்சோனா லாகின் சேவையை 2016 நவம்பர் 30 அன்று. பொத்தானுக்குப் பின்னால் இருப்பது அவர்கள் வீட்டுக் கதவு.

தறிமுனை · செப்டம்பர் 12, காலை 10.15

எல்லாம் மாற்றிவிட்டேன். கடைசிச் சிக்கல்: நீங்கள் சொல்வதற்கு முன்பு மின்னஞ்சலை மட்டும் வைத்து கூகுள் வழியாகச் சேர்த்தவர்கள் டேபிளில் இருக்கிறார்கள். அவர்களுடைய சப் என்னிடம் இல்லை.

வடவாறு · செப்டம்பர் 12, பகல் 1.30

அந்த வரிகளில் 'பழைய கூகுள்' என்று ஒரு கொடி போடுங்கள். கூகுள் வழியாகப் புதிய சப் வரும்போது, அதன் சரிபார்க்கப்பட்ட மின்னஞ்சல், கொடி உள்ள வரியோடு பொருந்தினால், ஜிமெயிலாக இருந்தால் மட்டும் சப்பை எழுதிக் கொடியை எடுத்துவிடுங்கள். மற்ற முகவரிகளுக்கு மின்னஞ்சலில் ஒரு இணைப்பு அனுப்பி, அதைத் திறந்த பிறகே எழுதுங்கள். சப்பை எழுதுவதும் கொடியை எடுப்பதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில், 'கொடி இன்னும் இருக்கிறதா' என்ற நிபந்தனையோடு. கிட்ஹப், ஆப்பிள் வழியாக வருபவருக்கு இந்த வழி திறக்கக் கூடாது. அதே உறுப்பினருக்குக் கூகுள் சப் ஒன்று ஏற்கெனவே இருந்து வேறு சப் வந்தால் மாற்றி எழுதாதீர்கள், நிறுத்தி உங்களுக்கு ஒரு எச்சரிக்கை வரட்டும். ஆறு மாதம் ஓடவிட்டு, மிச்சக் கொடிகளுக்கு மின்னஞ்சல் இணைப்பு வழியை மட்டும் விட்டு, இந்த நிரல்பகுதியை நீக்கிவிடுங்கள்.